ரிசீவரை எடுத்தது கார்டுக்குத் தெரியவில்லை: எக்ஸ்டென்ஷன் லைனில் ஹூக் கோளாறுகளைப் பிடிப்பது எப்படி

"அண்ணே, 12-ம் நம்பர் ரூமுக்கு நாலு நாளா போன் போக மாட்டேங்குது. எப்ப அடிச்சாலும் எங்கேஜ்."

"ரூம்ல யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லண்ணே. பூட்டிக் கிடக்கு."

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் மேனேஜர் இப்படித்தான் கூப்பிட்டார். இபிஏபிஎக்ஸ், அதாவது லாட்ஜ், ஆபீஸுக்குள் போன்களை இணைக்கும் சின்ன எக்ஸ்சேஞ்ச், சர்வீஸில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பூட்டிய அறையில் யாரும் பேசவில்லை, ஆனால் யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதாக லைன் கார்டு (ரூம் லைன்கள் வந்து சேரும் சர்க்யூட் போர்டு) நினைத்துக்கொண்டிருக்கிறது. இதற்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு: ரிசீவரை எடுத்து, காதில் வைத்து, பட்டனைத் தட்டித் தட்டி ஓய்ந்தாலும் கார்டு கண்டுகொள்ளாது. இரண்டிலும் பலர் முதலில் செய்வது கார்டைக் கழற்றி வேறு கார்டு போடுவது. என் அனுபவத்தில் அப்படிக் கழற்றிய கார்டுகளில் பாதிக்கு மேல் நல்ல கார்டுகள்.

முதலில் கார்டு எதைப் பார்க்கிறது என்று தெரிந்தால் மீதி எளிது. ரிசீவர் கீழே இருக்கும்போது போனுக்குள் டிசி போக வழியில்லை. மணி அடிக்கும் பகுதி கெப்பாசிட்டர் வழியாகத்தான் இணைந்திருக்கிறது. அதனால் இரண்டு கம்பிக்கும் நடுவே முழு வோல்டேஜ் நிற்கும்: பெரிய எக்ஸ்சேஞ்சில் 48, சிறிய இபிஏபிஎக்ஸ் பலவற்றில் 24. ரிசீவரை எடுத்ததும் ஹூக் சுவிட்ச் மூடி, லூப்பில் (ஒரு கம்பியில் போய் மறு கம்பியில் திரும்பும் சுற்றில்) கரன்ட் ஓடும், போனின் முனைகளில் வோல்டேஜ் 5 முதல் 8 வரை இறங்கும். கார்டு கவனிப்பது இந்தக் கரன்ட்டை. எத்தனை மில்லி ஆம்பியர், எவ்வளவு நேரம் என்பதுதான் அதன் கணக்கு. கீழே வரும் எல்லாக் கோளாறும் இந்த இரண்டில் ஒன்று தப்பியதால் வருவது.

உதாரணத்துக்கு, அடிக்கடி கையில் வரும் மாதிரியான ஒரு சர்க்யூட்டை வைத்துக்கொள்வோம். 24 வோல்ட் சப்ளை. இரண்டு கம்பியிலும் தலா 200 ஓம். லூப்பில் வரிசையாக ஒரு ஆப்டோகப்ளர், பிசி 817 வகை: உள்ளே ஒரு எல்இடி, அதன் ஒளியைப் பார்த்து வேலை செய்யும் டிரான்சிஸ்டர் மறுபக்கம். அதன் எல்இடிக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும், திசை மாறிய கரன்ட்டுக்காக எதிர்ப்புறமாக ஒரு டயோடும். அந்த 100 ஓம் சும்மா இருக்கும் பொருள் அல்ல. எல்இடி எரிய 1.1 வோல்ட் வேண்டும், 100 ஓமில் 1.1 வோல்ட் விழ 11 மில்லி ஆம்பியர் போக வேண்டும். அதுவரை வரும் கரன்ட் முழுக்க ரெசிஸ்டர் வழியாகவே போய்விடும், எல்இடி இருட்டாகவே இருக்கும். ஆக, ரிசீவர் எடுத்ததா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் எல்லைக்கோடு இந்தப் பத்துப் பைசா ரெசிஸ்டர்தான். ஆப்டோவின் மறுபக்கம், டிரான்சிஸ்டரின் கலெக்டர் முனையிலிருந்து 5 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர். ரிசீவர் கீழே இருந்தால் கலெக்டரில் 5 வோல்ட், எடுத்தால் அரை வோல்ட்டுக்கும் கீழே.

பையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், சந்தேகமே இல்லாத ஒரு சாதாரண போன், முதலை கிளிப் இரண்டு, 560 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. அந்த ரெசிஸ்டர்தான் நமக்குப் பொய் ரிசீவர். லைனில் மாட்டினால் 24 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், எந்தக் கார்டும் அதை ஆஃப்-ஹூக் (ரிசீவர் எடுத்த நிலை) என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வேலை பார்க்காதீர்கள். நீங்கள் பிடித்திருக்கும் நேரம் பார்த்து ரிசப்ஷனில் யாராவது அந்த ரூமுக்கு அடிப்பார்கள், 75 வோல்ட் ஏசி கையில் ஏறும். இடி இடிக்கும்போது லைன் பக்கமே போக வேண்டாம்.

பூட்டிய ரூம் எங்கேஜ்

எக்ஸ்சேஞ்ச்காரர்கள் இதை பிஜி என்பார்கள், பெர்மனன்ட் குளோ. அந்தக் கால போர்டில் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததால் வந்த பெயர்.

லைனை எங்கிருந்தும் கழற்றுவதற்கு முன் எம்டிஎஃப்-இல் (எல்லா ரூம் வயரும் வந்து சேரும் இணைப்புப் பலகையில்), அந்த ஜோடியின் இரண்டு கம்பிக்கும் நடுவே வோல்டேஜ் பாருங்கள். இந்த ஒரு அளவு பாதி வேலையை முடித்துவிடும். 5 முதல் 8 வோல்ட் காட்டினால் எங்கோ ஒரு போன் நிஜமாகவே எடுத்த நிலையில் இருக்கிறது: ரிசீவர் சரியாக உட்காரவில்லை, தலையணை அழுத்துகிறது, ஹூக் சுவிட்ச் ஒட்டிக்கொண்டது, அல்லது குளியலறைக்குள் இன்னொரு போன் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கடைசியாகச் சொன்னது வேடிக்கைக்கு அல்ல, மூன்று முறை பார்த்திருக்கிறேன். 0 முதல் 1 வோல்ட் என்றால் நேரடி ஷார்ட்: கதவிடுக்கில் நசுங்கிய வயர், ஆணி அடித்த இடம். 15 முதல் 20 வோல்ட் என்று இரண்டும்கெட்டானாக நின்றால் அது கசிவு, பெரும்பாலும் தண்ணீர். முழு 24 நின்றும் கார்டு எங்கேஜ் என்று சொன்னால் லைன் நிரபராதி, கார்டைப் பாருங்கள்.

12-ம் ரூம் லைன் 18 வோல்ட் காட்டியது. ஜோடியை உருவினேன். கார்டு பக்கம் உடனே 24-க்கு ஏறி, எங்கேஜ் போய்விட்டது. உருவிய கம்பியில் ஓம் மீட்டர் வைத்தால் 1.4 கிலோ ஓம். புரோபை மாற்றி வைத்தால் 2.3, அதுவும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. புரோபை மாற்றினால் அளவு மாறுகிறது, கண் முன்னே நகர்கிறது என்றால் அங்கே ரெசிஸ்டர் இல்லை, உப்புத் தண்ணீர் இருக்கிறது. இரண்டு செம்புக் கம்பியும் நடுவே ஈரமும் சேர்ந்து சின்ன பேட்டரி ஆகிவிடுகின்றன, மீட்டரின் கரன்ட்டோடு அது மல்லுக்கட்டுகிறது.

கட்டிலுக்குப் பின்னால் இருந்த ரோசெட் பெட்டியைத் திறந்தால் ஒரு திருகு பளபளவென்று இருக்கிறது, அடுத்த திருகில் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. பச்சை இருந்தது பாசிட்டிவ் பக்கம். ஈரத்தில் டிசி போனால் பாசிட்டிவ் பக்கச் செம்புதான் கரையும். எக்ஸ்சேஞ்சில் பாசிட்டிவை எர்த் செய்து லைனை மைனஸ் 48-ஆக வைத்திருப்பதும் இதற்காகத்தான். மண்ணோடு ஒப்பிட்டால் புதைத்த கம்பி நெகட்டிவாக இருக்கும், அரிப்பு குறையும். ரோசெட்டுக்குள் இரண்டு திருகும் அரை இஞ்ச் தூரத்தில் இருக்கும்போது அந்த ஏற்பாடு காப்பாற்றாது.

சுவரைக் கழுவி வெள்ளையடித்திருக்கிறார்கள், கடல் காற்று உப்பை ஏற்கெனவே உள்ளே கொண்டுவந்து வைத்திருக்கிறது. இந்த மாதிரிக் கசிவுக்கு நேரம் உண்டு. மத்தியானம் சரியாகிவிடும், விடியற்காலையில் மறுபடி வரும். மேனேஜர் "நீங்க வந்தா மட்டும் நல்லா இருக்கு" என்று சொல்வது இதனால்தான். காலை ஆறு மணிக்குப் போங்கள்.

கணக்குப் போட்டால், இந்தச் சர்க்யூட்டில் 11 மில்லி ஆம்பியர் எல்லையைத் தொட 1.7 கிலோ ஓம் கசிவு வேண்டும். அதே ஆப்டோவை 48 வோல்ட்டில், தலா 400 ஓம் வைத்து ஓட்டினால் 3.5 கிலோ ஓம் என்ற லேசான கசிவே போதும். வோல்டேஜ் ஏற ஏற ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும் சக்தி குறைகிறது. 24-லிருந்து 48-க்கு மாறிய இடங்களில் மழைக்காலப் புகார் திடீரென்று கூடினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இங்கே ஒரு குறுக்குவழி ஆசை காட்டும். 100 ஓமை எடுத்துவிட்டு 68 போட்டால் எல்லை 16 மில்லி ஆம்பியருக்குப் போய்விடும், 12-ம் ரூம் அப்போதே சரியாகும். செய்யாதீர்கள். கசிவு அடுத்த மாதம் இன்னும் வளரும். அந்த போர்ட்டை நாளைக்குத் தூரத்துக் கட்டடத்துக்கு மாற்றினால் அங்கே ரிசீவர் எடுத்தது தெரியாமல் போகும். கம்பியைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, புது ரோசெட் போட்டு, வயர் கீழிருந்து மேலாக உள்ளே நுழையும்படி சின்ன வளைவு விட்டு மாட்டினேன். தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது.

லைனை உருவியும் எங்கேஜ் போகவில்லை என்றால் கார்டுதான். அங்கே பார்க்க இரண்டு இடம். கலெக்டர் வோல்டேஜ் லைனே இல்லாமலும் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஆப்டோ ஷார்ட், அல்லது அதற்குப் பின்னால் வரும் லாஜிக் கேட் போய்விட்டது. இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது: லைன் இல்லாவிட்டால் நன்றாக இருக்கும், நல்ல லைனிலும் நன்றாக இருக்கும், லேசான ஈரம் வந்தாலே எங்கேஜ் ஆகும். மின்னல் அடித்த பிறகு இப்படியானால் அந்த 100 ஓம் ரெசிஸ்டர் திறந்துவிட்டதா என்று பாருங்கள். திறந்திருந்தால் 3 மில்லி ஆம்பியர் கசிவு முழுக்க எல்இடிக்குள் போகும், கார்டு ரிசீவர் எடுத்ததாக நம்பிவிடும். வெளியிலிருந்து பார்க்க ரெசிஸ்டர் கறுத்துக்கூட இருக்காது. சப்ளையை நிறுத்தி அளந்தால்தான் தெரியும்.

எடுத்தால் டோன் இல்லை

ரிசீவரை எடுத்து மைக்கில் ஊதுங்கள். ஊதியது உங்கள் காதிலேயே கேட்டால் போனுக்குக் கரன்ட் வருகிறது, கார்டுக்குத்தான் அது தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் கரன்ட்டே இல்லை: ஹூக் சுவிட்ச், ரிசீவரின் சுருள் வயர், ஆர்ஜே11 பின், வெட்டுப்பட்ட வயர் என்று வரிசையாகப் பாருங்கள். அதில் எழுத ஒன்றுமில்லை. நல்ல போனை மாட்டி, பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

ஊதினால் கேட்கிறது, டோன் இல்லை என்பதுதான் சுவாரசியமான இடம். எம்டிஎஃப்-இல் 560 ஓமைக் குறுக்கே மாட்டுங்கள். கார்டு விழித்துக்கொண்டால் கோளாறு கம்பியில். விழிக்கவில்லை என்றால் கார்டில்.

கம்பி என்றால் தூரத்தையும் ஜாயின்டையும் கணக்கில் எடுங்கள். 0.4 மில்லிமீட்டர் செம்பு ஜோடி போய்வர ஒரு கிலோமீட்டருக்கு 270 ஓம் வரும். தோட்டத்துக் கடைசியில் 2 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காட்டேஜுக்கு 540 ஓம். போனுக்கு 6 வோல்ட்டும் எல்இடிக்கு 1.2 வோல்ட்டும் போக மீதி 16.8 வோல்ட். மொத்தம் 940 ஓமில் 18 மில்லி ஆம்பியர் ஓடும், கார்டுக்கு அது போதும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட் துருவேறி 600 ஓம் ஆகிவிட்டால் 10.9 மில்லி ஆம்பியர். போன் அதிலும் உயிரோடு இருக்கும், ஊதினால் கேட்கும், ஆனால் எல்இடி எரியாது. அறிகுறி கூடுதலாக ஒன்று: ரிசப்ஷனிலிருந்து அடித்தால் மணி அடிக்கும். ரிங் கரன்ட் சிறிது, வோல்டேஜ் பெரிது, அதனால் 600 ஓம் அதைப் பெரிதாகத் தடுக்காது. மணி அடிக்கிறது, எடுத்தால் நிற்கவில்லை, தானாக எடுத்தால் டோனும் இல்லை. மூன்றும் சேர்ந்தால் ஜாயின்டைத் தேடுங்கள். தூரத்து முனையை ஷார்ட் செய்துவிட்டு இந்த முனையில் ஓம் பார்த்து, கம்பியின் நீளக் கணக்கோடு ஒப்பிட்டால் போதும்.

கார்டு என்றால், 560 ஓம் மாட்டியபடியே கலெக்டரைப் பாருங்கள். 5 வோல்ட்டிலேயே நின்றால் எல்இடி செத்துவிட்டது, அல்லது எதிர்ப்புற டயோடு ஷார்ட் ஆகி எல்இடியைக் கட்டிப்போட்டிருக்கிறது. 2, 2.5 என்று நடுவில் தொங்கினால் ஆப்டோவுக்கு வயதாகிவிட்டது. எல்இடி மங்க மங்க மறுபக்க டிரான்சிஸ்டர் பாதிதான் இழுக்கும். பத்து வருடம் ஏசி இல்லாத அறையில் ஓடிய கார்டில் இது சகஜம். ஒன்று அப்படி ஆகியிருந்தால் அந்தக் கார்டில் உள்ள எட்டையும் மாற்றிவிடுவது என் வழக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை பஸ் ஏற முடியாது.

மணி அரைகுறையாக அடித்து நின்றுவிடுகிறது

கூப்பிட்டவருக்கு எதிர்முனை எடுத்துவிட்டதாகத் தெரியும், ஆனால் அங்கே யாரும் எடுக்கவில்லை. கார்டு ஏமாந்துவிட்டது.

பழைய மணி வைத்த ஒரு போனுக்கு 75 வோல்ட் 25 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் போகும், உச்சத்தில் 15. நம் எல்லையோ 11. அதாவது மணி அடிக்கும்போது யாரும் ரிசீவரைத் தொடாமலேயே ஒவ்வொரு சுற்றிலும் எல்இடி ஒரு தடவை கண் சிமிட்டும். நல்ல கார்டு இந்தச் சிமிட்டலை வடிகட்டிவிட்டு, டிசி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கும். வடிகட்டும் வேலையைச் செய்வது பெரும்பாலும் எல்லையைத் தீர்மானிக்கும் கம்பாரேட்டருக்கு (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சிப்) முன்னால் வரும் ஒரு ரெசிஸ்டரும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும். 100 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபாரடும் என்றால் 25 ஹெர்ட்ஸை 16-ல் ஒரு பங்காக அமுக்கும். கெப்பாசிட்டர் காய்ந்து 0.1 ஆகிவிட்டால் பாதியாகக்கூடச் சரியாகக் குறையாது. எலக்ட்ரோலிட்டிக்கை மாற்றிப் பாருங்கள், பல சமயம் கதை அங்கேயே முடியும். மாற்றியும் போகவில்லை என்றால் அந்த எக்ஸ்டென்ஷனில் எத்தனை போன் பேரலலாக இருக்கிறது என்று கேளுங்கள். மூன்று மணிப் போன் என்றால் உச்சம் 45 மில்லி ஆம்பியர், எந்த வடிகட்டியும் திணறும்.

மைக்ரோகன்ட்ரோலரில் சொந்தமாகச் செய்பவர்களுக்கு ஒரு வழி. ஆப்டோவுக்குப் பின்னால் கெப்பாசிட்டர் போட்டுப் பயனில்லை, அதற்குள் எல்இடி ஏசியை அரை அலையாக வெட்டிவிட்டது. பதிலாக 25 ஹெர்ட்ஸின் ஒரு சுற்றான 40 மில்லி செகண்டில், 2 மில்லி செகண்டுக்கு ஒரு தடவையாக 20 தடவை பாருங்கள். ஏசி மட்டும் என்றால் எல்இடி எரிந்த தடவைகள் 10-ஐத் தாண்டவே முடியாது. 48 வோல்ட் டிசியின் மேல் ரிங் ஏறியிருந்து ரிசீவரையும் எடுத்துவிட்டால் 12 வரும். தொடர்ந்து மூன்று சுற்று அப்படி வந்தால் ரிங்கை நிறுத்துங்கள்.

எடுத்த பிறகும் மணி நிற்கவில்லை

இந்திய ரிங்கின் தாளம் 0.4 செகண்ட் மணி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4 மணி, பிறகு 2 செகண்ட் அமைதி. அந்த 2 செகண்டுக்குள் ரிசீவரை எடுத்துப் பாருங்கள், பிறகு மணி ஒலிக்கும் நடுவில் எடுத்துப் பாருங்கள். அமைதியில் எடுத்தால் சரியாகப் பேசுகிறது, மணியில் எடுத்தால் காதில் கர்ரென்று அடித்த பிறகுதான் இணைகிறது என்றால் சாதாரண ஹூக் கண்டறிதல் நன்றாக இருக்கிறது, ரிங் நேரக் கண்டறிதல் மட்டும் இல்லை. முதல் சந்தேகம் ரிங்கோடு டிசி சேர்ந்து வருகிறதா என்பது. ரிங் ஓடும்போது மீட்டரை டிசியில் வைத்தால் 48-ஐ ஒட்டி ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் ரிங் ரிலேயின் (லைனை மணி சப்ளைக்கு மாற்றும் சுவிட்ச்) பேட்டரி பக்க இணைப்பு போய்விட்டது. டிசி இல்லாத ரிங்கில் எடுத்ததைக் கண்டுபிடிக்க இந்தச் சர்க்யூட்டுக்கு வழியே இல்லை. டிசி வெறும் 24 என்றால் மேலே சொன்ன 12 தடவை 10-ஐ ஒட்டி இறங்கிவிடும், அதனால் சில சின்ன சிஸ்டம்கள் மணி நேரத்தில் பார்ப்பதை விட்டுவிட்டு அமைதிக்காகக் காத்திருக்கின்றன. அது கோளாறல்ல, கஞ்சத்தனம்.

ரிலே ரிங்கிலிருந்து பேச்சு நிலைக்கு மாறும் கணத்தில் போனின் மணிக் கெப்பாசிட்டர் ஒரு சின்ன கரன்ட் துடிப்பை இழுக்கும். அதை ஆஃப்-ஹூக் என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, ரிலே மாறியதும் 50 முதல் 100 மில்லி செகண்ட் கண்ணை மூடிக்கொள்ளும்படி புரோகிராமில் எழுதுங்கள்.

லிஃப்ட் ஓடும்போது மட்டும் கோளாறு

லைன், பவர் கேபிளோடு ஒரே டக்டில் நாலு மாடி ஏறினால் இரண்டு கம்பியிலும் 50 ஹெர்ட்ஸ் தூண்டப்படும். இரண்டிலும் சமமாக வந்தால் தொந்தரவில்லை. ஒரு கம்பியின் கரன்ட்டை மட்டும் பார்க்கும் மலிவான கார்டு அதை லூப் கரன்ட் என்று நினைத்துத் துடிக்கும். அந்தக் கால மெக்கானிக்கல் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சில் லைன் ரிலேக்கு இரண்டு கம்பிச் சுருள் வைத்து, ஒன்றை எர்த் பக்கமும் ஒன்றை பேட்டரி பக்கமும் கொடுத்திருந்தார்கள். லூப் கரன்ட் இரண்டிலும் கூடும், தூண்டல் கரன்ட் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நல்ல கார்டு செய்வதும் அதே வேலைதான். இரண்டு கம்பியிலும் எர்த்துக்கு ஏசி வோல்டேஜ் அளந்து பாருங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் 200 ஓம் ஜோடியில் ஒன்று மதிப்பு மாறியிருக்கும், அல்லது ஒரு கம்பி எங்கோ எர்த்தைத் தொடுகிறது. டக்டை மாற்றச் சொல்லி லாட்ஜ் ஓனரிடம் கேட்டுப் பயனில்லை, ரெசிஸ்டரைச் சரிசெய்யுங்கள்.

ஃபிளாஷ் அடித்தால் டயல் ஆகிறது

புதுப் போன் வாங்கி மாட்டிய மறுநாள் வரும் புகார் இது. அழைப்பை வேறு ரூமுக்கு மாற்ற ஃபிளாஷ் அடித்தால் மாறாமல், சிஸ்டம் 1 டயல் செய்ததாக எடுத்துக்கொள்கிறது. சுற்றும் டயல் போன் செகண்டுக்கு 10 துடிப்பு அனுப்பும். ஒவ்வொன்றிலும் லூப் 67 மில்லி செகண்ட் திறந்து 33 மூடும். ஃபிளாஷ் பட்டனும் லூப்பைக் கொஞ்ச நேரம் திறப்பதுதான். புதுப் போனில் அது 100 மில்லி செகண்ட் என்று வைத்திருந்தால் கார்டுக்கு ஒற்றைத் துடிப்பாகத் தெரிகிறது. போனின் அடியில் இருக்கும் சுவிட்சையோ மெனுவையோ பார்த்து 600-க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத போன் என்றால், சிஸ்டம் புரோகிராமிங்கில் அந்த எக்ஸ்டென்ஷனுக்குப் பல்ஸ் டயலையே நிறுத்திவிட்டு, ஃபிளாஷின் கீழ் எல்லையை 80-க்குக் கொண்டுவாருங்கள்.

போனை மாற்றாமலேயே தானாக 1 விழுகிறது, அதுவும் வைக்கும்போது என்றால் ஹூக் சுவிட்சின் ஸ்பிரிங் தளர்ந்து குதிக்கிறது. ரிசீவரை மெதுவாக வைத்துப் பாருங்கள், பிறகு தொப்பென்று வைத்துப் பாருங்கள். தொப்பென்று வைத்தால் மட்டும் வருகிறது என்றால், சுவிட்சைக் கழற்றி ஐசோபுரொப்பைலில் துடைப்பதில் நேரம் போக்காமல் வேறு போன் மாட்டிவிட்டு அடுத்த ரூமுக்குப் போங்கள்.